லிப்கர்லில் பாதுகாப்பான இணைப்பை அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் சனிக்கிழமை மாலைகளில் சிலருக்கு சி மொழி சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலை பார்ப்பவர்கள். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் மீட்டர்களுக்குப் புரோகிராம் எழுதுபவர் ஒருவர், குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் பால் குளிரூட்டும் நிலையங்களில் வெப்பநிலைப் பெட்டி பொருத்துபவர்கள் இருவர், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சரக்கு இருப்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் புரோகிராமைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். எல்லோருடைய வேலையும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. ஒரு சின்ன லினக்ஸ் போர்டு, அதில் ஒரு சி புரோகிராம். அது லிப்கர்ல் (நெட்வொர்க் வழியே தகவல் அனுப்பவும் வாங்கவும் உதவும் சி லைப்ரரி) மூலம் எங்கோ இருக்கும் சர்வருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். நடுவில் யாரும் அதைப் படிக்கவோ மாற்றவோ கூடாது.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஆப்ஷன்களின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் ஆங்கில எழுத்து தானாக வந்துவிடும். தலைப்புக் கோப்பில் அவை எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் 'கர்ல்ஆப்ட்' என்றும் ஓர் அடிக்கோடும் இருக்கும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கும்போது லிப்கர்ல் எதற்கு?

லிப்கர்ல் மறையாக்கத்தைத் தானே செய்வதில்லை. அந்த வேலையை ஓப்பன்எஸ்எஸ்எல், ஜிஎன்யுடிஎல்எஸ், எம்பெட்டிஎல்எஸ், வுல்ஃப்எஸ்எஸ்எல் போன்ற மறையாக்க லைப்ரரி ஒன்றிடம் ஒப்படைக்கிறது, விண்டோஸில் ஷானல். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் கர்ல் என்ற கட்டளையை வெளியிட்டார். 2000-இல் அதிலிருந்து லைப்ரரி பிரிந்து வந்தது.

நேரடியாக ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கிளையன்டாக இணையும்போது சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழை ஓப்பன்எஸ்எஸ்எல் தன்பாட்டில் சரிபார்த்து இணைப்பை நிறுத்தாது; நீங்கள் சொன்னால்தான் நிறுத்தும். சர்வரின் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கவும் தனியாகச் சொல்ல வேண்டும். லிப்கர்லில் இரண்டும் (வெரிஃபைபியர், வெரிஃபைஹோஸ்ட் என்ற ஆப்ஷன்கள்) எடுத்தவுடனேயே போட்டே இருக்கும். புதிதாக எழுதுகிறவர்களை நான் லிப்கர்லுக்கு அனுப்புவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

வெரிஃபைபியரை 0 ஆக்கினேன், எல்லாம் ஓடுகிறது. மறையாக்கம் இருக்கிறதே, அப்புறம் என்ன ஆபத்து?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

காட்பாடி ஜங்ஷனில் ஒருவரிடம் அரக்கு முத்திரை வைத்த உறையைக் கொடுத்து, சென்னையில் இன்னாரிடம் சேர்க்கச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். வழியில் யாராலும் உறையைப் பிரிக்க முடியாது. ஆனால் சென்னையில் "நான்தான் அந்த இன்னார்" என்று ஒருவன் வந்து நிற்கிறான், அடையாளம் கேட்காமல் உறையை அவன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முத்திரையால் என்ன பயன்? அவன் உரிமையோடு பிரித்துப் படிப்பான். பிறகு புதிய உறையில் போட்டு உண்மையான ஆளுக்கும் அனுப்பிவைப்பான். இரண்டு பக்கமும் எதுவும் தெரியாது.

எஸ்எஸ்எல்_வெரிஃபைபியரை 0 ஆக்கினால் நடப்பது அதுதான். மறையாக்கம் இருக்கும், ஆனால் யாரோடு மறையாக்கம் என்பது தெரியாது. நடுவில் ஒரு வைஃபை ரூட்டரையோ பெயரை ஐபி எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸையோ கைப்பற்றியவன் தன் சொந்தச் சான்றிதழைக் காட்டினால் உங்கள் புரோகிராம் ஏற்றுக்கொள்ளும். நீங்கள் அனுப்பும் வெப்பநிலை எண்ணை அவன் படிப்பது சின்ன விஷயம். அதோடு சேர்ந்து போகும் டோக்கனையும் கடவுச்சொல்லையும் அவன் எடுத்துக்கொள்வான், அதுதான் பெரிய விஷயம். அதை வைத்து உங்கள் எல்லாப் பெட்டிகளின் பெயரிலும் பொய்க் கணக்கு அனுப்பலாம்.

"டெஸ்டிங்குக்கு மட்டும்தான் 0 போட்டேன்" என்பார்கள். நான் பார்த்தவரை அந்த வரி டெஸ்டிங்கோடு நின்றதில்லை. பெட்டியில் ஏறி, கம்பத்தில் ஏறி, மூன்று வருடம் ஓடும். அதனால் என் வகுப்பில் அந்த வரியை எழுதவே விடுவதில்லை. 60 என்ற பிழை (சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்பது) வந்தால், அது ஏன் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

வெரிஃபைஹோஸ்ட் என்பது வேறா? அதற்கு ஏன் 2?

வேறுதான். வெரிஃபைபியர் பார்ப்பது, இந்தச் சான்றிதழை நம்பகமான ஒருவர் கையெழுத்திட்டுத் தந்தாரா என்று. வெரிஃபைஹோஸ்ட் பார்ப்பது, சான்றிதழில் இருக்கும் பெயர் நாம் கூப்பிட்ட சர்வரின் பெயர்தானா என்று. முதலாவது மட்டும் இருந்தால், தன் சொந்த டொமைனுக்கு ஒழுங்காகச் சான்றிதழ் வாங்கிய யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வராக வேடம் போடலாம்.

2 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஒரு காலத்தில் 1 என்றால் 'சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தால் சரி' என்று பொருள். 2 என்றால்தான் பெயர் பொருந்த வேண்டும். பலர் 'ஆமாம்' என்ற பொருளில் 1 போட்டுவிட்டு, பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் 7.28.1 பதிப்பிலிருந்து 1 கொடுத்தால் பிழை திரும்பியது. 7.66.0 முதல் 1-உம் 2-உம் ஒன்றே. பழைய போர்டில் எந்தப் பதிப்பு இருக்குமோ தெரியாது, அதனால் 2 என்றே எழுதுங்கள். அல்லது இரண்டு ஆப்ஷன்களையும் தொடாமல் விடுங்கள்; தொடாவிட்டால் இரண்டும் சரியாகவே இருக்கும்.

பிழை 60 வருகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதலில் எரர்பஃபர் ஆப்ஷனைப் போடுங்கள். 256 பைட் இடம் வேண்டும். அதற்கான மாறிலி கர்ல்_எரர்_சைஸ். வெறும் 60-ஐ வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பஃபரில் வரும் ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும். இன்னும் வேண்டுமானால் வெர்போஸை 1 ஆக்கிப் பாருங்கள்.

அடுத்து, தேதி. சிரிக்க வேண்டாம், தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

போன கோடையில் பால் நிலையத்துப் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, கரண்ட் போய் வந்த அன்னிக்கு மட்டும் டேட்டா வரமாட்டேங்குது" என்றான். இரண்டு பேரும் பைக்கில் போய்ப் பார்த்தோம். சுவரில் சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டி, மூடியைத் திறந்தால் உள்ளே தூசியும் ஓரத்தில் இரண்டு பல்லி முட்டையும். போர்டில் காசு அளவு பேட்டரிக்கான வட்டமான இடம் காலியாக இருந்தது. போர்டை விற்றவர்கள் பேட்டரி போட்டுத் தரவில்லை, இவர்களும் கேட்கவில்லை. லாக் கோப்பைத் திறந்தால் முதல் வரியின் தேதி 1970 ஜனவரி 1. எரர்பஃபரில் 'சர்டிஃபிகேட் இஸ் நாட் யெட் வேலிட்'.

நடந்தது இதுதான். மழைக்காற்றில் கரண்ட் போய் வரும். பேட்டரி இல்லாததால் போர்டு 1970-இல் எழுந்திருக்கும். நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரம் வந்து சேர ஒரு நிமிடம் ஆகும். இவன் புரோகிராம் அதற்குள் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். சான்றிதழோ இன்னும் ஐம்பது வருடம் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்று போர்டு நினைத்துக்கொண்டிருக்கும். லிப்கர்ல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

சரிசெய்தது இப்படி. சிறிய பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டோம். பேட்டரி தீர்ந்தாலும் பிரச்சினை வரக்கூடாது என்பதால் புரோகிராமிலும் ஒரு சோதனை வைத்தோம்: இப்போதைய நேரம், புரோகிராமைக் கம்பைல் செய்த தேதிக்கு முந்தையதாக இருந்தால் இணைக்கவே முயலாதே, அளவுகளைக் கோப்பில் சேர்த்து வை, பத்து விநாடி கழித்து மறுபடி பார். கம்பைல் தேதியை சி மொழியின் 'டேட்' மேக்ரோவே தரும். நேரம் கேட்கும் என்டிபிக்கு டிஎல்எஸ் (சான்றிதழும் மறையாக்கமும் சேர்ந்த இந்தப் பாதுகாப்பு முறை) தேவையில்லை, அதனால் முட்டையா கோழியா என்ற சிக்கல் வராது.

தேதி சரியாக இருந்தும் 60 வந்தால், நம்பகமான சிஏக்களின் பட்டியலைப் பாருங்கள். சிஏ என்பது சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு. உபுண்டு, டெபியனில் 'சிஏ-சர்டிஃபிகேட்ஸ்' என்ற பேக்கேஜ் இருக்கிறதா, புதியதா என்று பார்க்க வேண்டும். சின்ன போர்டுகளுக்கான லினக்ஸில் இடத்தை மிச்சப்படுத்த அதை விட்டுவிடுவது உண்டு. அப்படியானால் கர்ல் திட்டத்தின் தளத்திலேயே மோசில்லாவின் பட்டியலை ஒரே பெம் கோப்பாக வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் போர்டில் வைத்து, சிஏஇன்ஃபோ ஆப்ஷனில் பாதையைக் கொடுங்கள். பாதை தவறாக இருந்தாலோ கோப்பைப் படிக்க அனுமதி இல்லாவிட்டாலோ 60-க்குப் பதில் 77 வரும். கோப்பே வேண்டாம், புரோகிராமுக்குள்ளேயே சிஏவை வைத்துக்கொள்கிறேன் என்றால் 7.77.0 முதல் சிஏஇன்ஃபோ_பிளாப் இருக்கிறது.

பழைய பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு 2021 செப்டம்பர் 30 நல்ல உதாரணம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச சிஏவின் சான்றிதழ்கள் அதுவரை சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் (ரூட்) அன்று காலாவதியானது. பட்டியலைப் புதுப்பிக்காத பழைய கருவிகள் அன்று முதல் இணைய மறுத்தன. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 இருந்த கருவிகளில் புதிய ரூட் இருந்தும்கூடச் சிக்கல் வந்தது. பழைய ரூட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகுதான் சரியானது. ஆகவே போர்டைச் சுவரில் மாட்டும்போதே, சிஏ பட்டியலைத் தொலைவிலிருந்து புதுப்பிக்க ஒரு வழி வைத்துவிடுங்கள்.

பிரவுசரில் அதே முகவரி அழகாகத் திறக்கிறது, என் புரோகிராமில் மட்டும் 60. ஏன்?

பெரும்பாலும் சர்வர் பக்கத்துக் குறை. சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பினால் போதாது, நடுவில் இருக்கும் இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது விடுபட்டால் சங்கிலி அறுந்துபோகும். பிரவுசர்கள் முன்பே பார்த்த இடைநிலைச் சான்றிதழை நினைவில் வைத்திருக்கும், அல்லது தாமே தேடி எடுத்துக்கொள்ளும். ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு கட்டிய லிப்கர்ல் அப்படித் தேடிப் போகாது. எரர்பஃபரில் 'அனேபிள் டு கெட் லோக்கல் இஷ்யூயர் சர்டிஃபிகேட்' என்று இருக்கும்.

உறுதி செய்ய, ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையில் எஸ்_கிளையன்ட்டை 'ஷோசர்ட்ஸ்' சேர்த்து ஓட்டுங்கள். ஒரே ஒரு சான்றிதழ் வந்தால் சந்தேகம் சரிதான். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் 'ஃபுல்செயின்' கோப்பைப் போடச் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் இதை ஒரு வாரம் மாறி மாறி மெயில் எழுதித்தான் சாதித்தார். "பிரவுசரில் வருகிறதே" என்பதே அவர்கள் பதிலாக இருந்தது. எஸ்_கிளையன்ட்டின் வெளியீட்டை அப்படியே ஒட்டி அனுப்பியதும் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள்.

கட்டளை வரியில் கர்ல் போகிறது, என் சி புரோகிராம் போகவில்லை. இரண்டும் ஒரே லைப்ரரிதானே?

ஒரே லைப்ரரியாக இருக்கலாம், ஆனால் கட்டளை சில காரியங்களைக் கூடுதலாகச் செய்கிறது. வீட்டு அடைவில் இருக்கும் கர்ல்ஆர்சி கோப்பைப் படிக்கும். எப்போதோ ஒருவர் அதில் 'இன்செக்யூர்' என்று எழுதி வைத்திருந்தால் கட்டளை சரிபார்க்காமலேயே போய்விடும். கர்ல்_சிஏ_பண்டில் என்ற சூழல் மாறியையும் கட்டளைதான் படிக்கும், லைப்ரரி படிக்காது. புரோகிராமில் வேண்டுமானால் நீங்களே படித்து சிஏஇன்ஃபோவில் கொடுக்க வேண்டும்.

ஒரே லைப்ரரிதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். உபுண்டுவில் ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு கட்டியது, ஜிஎன்யுடிஎல்எஸ்ஸோடு கட்டியது என்று லிப்கர்ல் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. புரோகிராமின் முதல் வரியிலேயே கர்ல்_வெர்ஷன் ஃபங்ஷன் தருவதை லாக்கில் அச்சிட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

எங்கள் சர்வர் ஆபீசுக்குள்ளேயே இருக்கிறது. நாங்களே போட்டுக்கொண்ட சான்றிதழ். இதற்காவது 0 போடலாமா?

வேண்டாம், தேவையும் இல்லை. உங்களுக்கென்று ஒரு சின்ன சிஏவை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதன் சாவியை நெட்வொர்க்கில் இல்லாத கணினியிலோ பென்டிரைவிலோ பத்திரமாக வையுங்கள். அதை வைத்து சர்வருக்குச் சான்றிதழ் கையெழுத்திடுங்கள். சிஏவின் சான்றிதழை மட்டும் ஒவ்வொரு போர்டிலும் வைத்து சிஏஇன்ஃபோவில் காட்டுங்கள். ஒரு விதத்தில் இது பொதுச் சான்றிதழைவிட இறுக்கமானது, ஏனென்றால் அந்தப் போர்டு உங்கள் சிஏவைத் தவிர வேறு யாரையும் நம்பாது. ஆனால் சிஏபாத் என்ற அடைவுக்கும் லிப்கர்லைக் கட்டும்போதே ஓர் இயல்பு மதிப்பு இருக்கலாம். அதையும் சேர்த்துப் பார்க்கும் என்பதால், உங்கள் சிஏ மட்டும் போதும் என்றால் சிஏபாத்தை நல் (சி மொழியின் வெற்றுச் சுட்டி) ஆக்கிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். சர்வரை ஐபி எண்ணால் கூப்பிடுவதானால் அந்த ஐபி சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பகுதியில் ஐபி வகையாகவே இருக்க வேண்டும். பெயரால் கூப்பிட்டு ஐபியை நீங்களே குறிப்பிட விரும்பினால் ரிசால்வ் ஆப்ஷன் இருக்கிறது. 'பெயர்:போர்ட்:ஐபி' என்ற வடிவத்தில் கொடுத்தால் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் அங்கே போகும், சான்றிதழைப் பெயரோடுதான் ஒப்பிடும். சோதனைக்கு வெரிஃபைஹோஸ்ட்டை அணைப்பவர்கள் தேடுவது உண்மையில் இதைத்தான்.

டிஎல்எஸ் பதிப்பு எது வைக்க வேண்டும்?

குறைந்தபட்சம் 1.2. எஸ்எஸ்எல்வெர்ஷன் ஆப்ஷனில் டிஎல்எஸ்வி1_2 என்று கொடுத்தால், 7.54.0 முதல் 'அது அல்லது அதற்கு மேல்' என்று பொருள். இரண்டு பக்கமும் 1.3 தெரிந்திருந்தால் 1.3-இலேயே பேசிக்கொள்ளும். 1.2 வெளிவந்தது 2008-இல், 1.3 வந்தது 2018-இல். 1.0, 1.1 இரண்டையும் கைவிடும்படி 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 அறிவித்தது. எஸ்எஸ்எல் 3-இன் கதை 2014-இல் பூடில் தாக்குதலோடு முடிந்தது.

உச்ச வரம்பை வைக்காதீர்கள். 1.3-இல் ஏதோ தகராறு என்று 1.2-ஐ உச்சமாக வைத்தால், அந்த வரியை எடுக்க யாருக்கும் நினைவிருக்காது. 1.3-இல் கைகுலுக்கல் (தகவல் போகும் முன் இரண்டு பக்கமும் சாவி பேசி முடிப்பது) ஒரு சுற்றில் முடியும், 1.2-இல் இரண்டு. சிக்னல் இழுத்து இழுத்து வரும் இடத்தில் அந்த ஒரு சுற்றே கண்ணுக்குத் தெரியும்.

சைஃபர் பட்டியலை நானே எழுதலாமா?

எழுத வேண்டாம். எந்தெந்த மறையாக்க முறைகளை (சைஃபர்) ஏற்கலாம் என்ற லைப்ரரியின் இயல்புப் பட்டியல் நல்லது, அப்டேட் வரும்போது அதுவும் மாறும். வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டால் மட்டும் எழுதுங்கள். அப்போது 1.2 வரைக்கு எஸ்எஸ்எல்_சைஃபர்_லிஸ்ட், 1.3-க்கு டிஎல்எஸ்13_சைஃபர்ஸ் என்று இரண்டும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம்.

சர்வர் எங்களிடமும் சான்றிதழ் கேட்கிறது. எப்படிக் கொடுப்பது?

எஸ்எஸ்எல்சர்ட்டில் சான்றிதழ்க் கோப்பு, எஸ்எஸ்எல்கீயில் தனிச் சாவிக் கோப்பு, சாவிக்குக் கடவுச்சொல் இருந்தால் கீபாஸ்வர்ட். 58 வந்தால் கோப்போ கடவுச்சொல்லோ சரியில்லை, அல்லது சான்றிதழும் சாவியும் ஜோடி இல்லை.

சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆக இருக்கட்டும். புரோகிராம் ஓடும் பயனரைத் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது. முக்கியமாக, எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவியைப் போடாதீர்கள். அப்படிப் போட்டுவிட்டு ஒரு பெட்டி திருட்டுப் போனால், எல்லாப் பெட்டியின் சாவியையும் மாற்ற ஊர் ஊராக அலைய வேண்டும். பெட்டிக்கு ஒரு சாவி என்றால் தொலைந்த ஒன்றை மட்டும் சர்வரில் ரத்து செய்தால் போதும்.

பொதுச் சாவியைப் பின் பண்ணினால் இன்னும் பாதுகாப்புதானே?

சர்வரின் பொதுச் சாவி இதுதான் என்று புரோகிராமிலேயே எழுதி வைப்பதுதான் பின் பண்ணுவது. பின்ட்பப்ளிக்கீ ஆப்ஷன் அதற்குத்தான். பின் பொருந்தாவிட்டால் 90 வரும். ஆனால் எனக்கு இதில் தயக்கம் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களைச் சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதைத் தானாகச் செய்யும் சர்ட்பாட் என்ற கருவி, பழைய சாவியையே வைத்துக்கொள் என்று சொல்லாவிட்டால், புதுப்பிக்கும்போது புதிய சாவியையே உருவாக்கும். அன்றிரவே உங்கள் எல்லாப் பெட்டிகளும் வாயடைத்துப்போகும். பின் பண்ணுவதானால் இரண்டாவதாக ஒரு மாற்றுச் சாவியைத் தயாராக வைத்து, அதன் ஹாஷையும் அரைப்புள்ளி போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் சொந்த சிஏ வழியே போதும்.

சிக்னல் மோசமான இடத்தில் புரோகிராம் அப்படியே உறைந்துபோகிறது.

ஒடுகத்தூருக்கு மேலே மலைப்பக்கம் பெட்டி வைத்தவர் கேட்டது. டைம்அவுட் ஆப்ஷனுக்கு இயல்பு மதிப்பு 0, அதாவது எல்லையே கிடையாது. கனெக்ட்டைம்அவுட்டுக்கு 300 விநாடி. பெயர் தேடல், டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கல் எல்லாம் அந்த 300-க்குள் அடங்கும். பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு ஐந்து நிமிடக் காத்திருப்பு தாங்காது. நாங்கள் இணைப்புக்கு 30 விநாடி வைத்தோம். மொத்த நேரத்தைக் கட்டுவதற்குப் பதில் லோ_ஸ்பீட்_லிமிட், லோ_ஸ்பீட்_டைம் இரண்டையும் சேர்த்துப் போட்டோம்: 60 விநாடி முழுக்க விநாடிக்கு 10 பைட்டுக்கும் கீழே ஊர்ந்தால் விட்டுவிடு என்று. மெதுவாக ஆனால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் தகவலை இது வெட்டாது. எல்லை தாண்டினால் வரும் எண் 28.

இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஹேண்டிலை (கர்ல்_ஈஸி_இனிட் தருவது) உருவாக்கி அழிக்காமல் அதையே திரும்பப் பயன்படுத்துங்கள். இணைப்பு திறந்தே இருந்தால் கைகுலுக்கலே மிச்சம். ஆனால் நடுவில் கர்ல்_ஈஸி_ரீசெட் கூப்பிட்டால் நீங்கள் வைத்த சிஏஇன்ஃபோ, டைம்அவுட் எல்லாம் இயல்புக்குத் திரும்பிவிடும். திறந்த இணைப்பு போன்ற சில மட்டும் மிஞ்சும்.

பல த்ரெட்களில் பயன்படுத்தலாமா?

ஒரு ஹேண்டிலை ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் தொடக் கூடாது. த்ரெட்டுக்கு ஒரு ஹேண்டில். கர்ல்_குளோபல்_இனிட்டை மெயினிலேயே, வேறு த்ரெட் தொடங்கும் முன் ஒருமுறை கூப்பிட்டுவிடுங்கள். 7.84.0-க்கு முன் அது பல த்ரெட்களிலிருந்து கூப்பிடத் தக்கதல்ல.

எச்டிடிபிஎஸ் முகவரிதான் கொடுத்தேன். பாதுகாப்பு இல்லாத பக்கத்துக்குத் தானாகப் போய்விட முடியுமா?

முடியும். ஃபாலோலொக்கேஷனைப் போட்டிருந்தால், சர்வர் சாதாரண எச்டிடிபி முகவரிக்குத் திருப்பிவிட்டால் லிப்கர்ல் அங்கேயும் போகும். தடுக்க, ப்ரோட்டகால்ஸ்_ஸ்ட்ர், ரீடிர்_ப்ரோட்டகால்ஸ்_ஸ்ட்ர் இரண்டிலும் எச்டிடிபிஎஸ் மட்டும் என்று எழுதுங்கள், 7.85.0 முதல் இருக்கிறது. முகவரியின் தொடக்கத்தை எழுத மறந்தால் லிப்கர்ல் எச்டிடிபி என்றே எடுத்துக்கொள்ளும், அதையும் இதே வரி பிடித்துவிடும். மெயில் அனுப்பும் புரோகிராம் என்றால் யூஸ்_எஸ்எஸ்எல்லில் 'ஆல்' கொடுங்கள். 'ட்ரை' கொடுத்தால் மறையாக்கம் கிடைக்காதபோது திறந்த உறையாகவே போய்விடும்.

ஆப்ஷன் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் வேலை செய்யவில்லை.

இரண்டு இடம் பாருங்கள். கர்ல்_ஈஸி_செட்ஆப்ட் எந்த வகை மதிப்பையும் வாங்கும் ஃபங்ஷன், அதனால் நீங்கள் என்ன வகை கொடுக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. எண் வேண்டும் ஆப்ஷன்களுக்கு லாங் வகைதான் வேண்டும். வெறும் 2 என்று எழுதினால் இன்ட் போகும். 64 பிட் கணினியில் மீதிப் பாதியில் குப்பை இருக்கலாம். 2-ஐ ஒட்டி எல் எழுத்தைப் போடுங்கள்.

அடுத்து, அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவதைப் பாருங்கள். பாதுகாப்பு ஆப்ஷன்களுக்காவது கட்டாயம் பாருங்கள். உங்கள் லிப்கர்ல் கட்டப்பட்ட டிஎல்எஸ் லைப்ரரியில் அந்த வசதி இல்லையென்றால் 4 வரும், பதிப்பே பழையது என்றால் 48 வரும். பார்க்காமல் விட்டால், பூட்டு போட்டதாக நினைத்துக்கொண்டு திறந்த கதவோடு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். 0 அல்லாத எது வந்தாலும் புரோகிராமை அங்கேயே நிறுத்துங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல சர்வரோடு இணைவதை மட்டும் பார்த்தால் தெரியாது. வெரிஃபைபியர் 0 ஆக இருந்தாலும் அது இணையும். கெட்ட சர்வரை மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் இதற்கென்றே இருக்கிறது. அதன் எக்ஸ்பயர்ட், ராங் டாட் ஹோஸ்ட், செல்ஃப்-சைன்ட் என்ற மூன்று துணை முகவரிகளுக்கும் உங்கள் புரோகிராமைத் திருப்பிவிடுங்கள். முதலாவது காலாவதியானது, அடுத்தது பெயர் பொருந்தாதது, மூன்றாவது தானே கையெழுத்திட்டுக்கொண்டது. மூன்றிலும் 60 வர வேண்டும். 7.62.0-க்கு முந்தைய லிப்கர்லில் பெயர் பொருந்தாததற்கு 51 வரும், அதுவும் சரி.

சொந்த சிஏ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தளம் போதாது, அந்தப் பெட்டி வெளிச் சான்றிதழ் எதையும் எப்படியும் மறுக்கும். அவர்கள் தங்கள் சிஏவிலேயே வேறு பெயருக்கு ஒன்று, நேற்றோடு முடிந்தது ஒன்று என்று இரண்டு சான்றிதழ் எடுத்து, சோதனைச் சர்வரில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் இதை ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருக்கிறோம். பெட்டியைச் சுவரில் மாட்டும் முன் பையன்கள் அதை ஓட்டுவார்கள். ஒன்றாவது 0 காட்டினால் பெட்டி வண்டியிலேயே திரும்பி வரும்.